விளையாட்டுத் திரையிலும் என் பெயர் தமிழில்

(இளைஞர் பிரிவின் மாதாந்திரச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த மேடையில் வழக்கமாகப் பேசப்படும் விசயங்கள் வேறு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள், தமிழ்ப்பள்ளி நிலம், தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள். அதற்கிடையே கணினி விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது நம் செயலாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "ஐயா, பத்து நிமிடம் போதுமா?" என்று கேட்டார். போதாது ஐயா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஏழெட்டுப் பழைய மடிக்கணினிகள், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். முதல் ஒரு மணி நேரம் பாடம், அடுத்த அரை மணி நேரம் விளையாட்டு. விளையாட்டு இல்லாவிட்டால் பாடத்திற்கு யாரும் வர மாட்டார்கள், அதுதான் உண்மை. ஒரே கணினியில் மூன்று பேர் மாறி மாறி விளையாடுவதால் ஒருவன் சேமித்து வைத்த ஆட்டத்தை இன்னொருவன் அழித்துவிடுவான். வாரா வாரம் அழுகை. அதனால் நானே ஒரு சிறு துணைக்கருவி எழுதினேன். பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளை தன் பெயரைத் தட்டச்சு செய்தால் அந்தப் பெயரில் ஒரு கோப்புறை உருவாகும், அதில் அவனுடைய ஆட்டம் பத்திரமாக நகலெடுக்கப்படும், அடுத்த வாரம் பட்டியலில் தன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பைத்தான் மொழியில் நூறு வரி கூட வராது.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். பெயரைத் தமிழில்தான் எழுத வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, உடனே எழுதினார்கள். தடுமாறியது கணினிதான்.

பெயர்ப் பட்டியலை முதலில் நான் நோட்பேடில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். ரவி, மாலா, கவிதா என்று மூன்று பெயர்களைப் போட்டுச் சோதித்தேன். திரையில் வந்தது என்ன தெரியுமா? மேலே சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', அதை அடுத்து வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', அதை அடுத்து வேறு ஏதோ ஒரு குறி, திரும்பவும் அதே சாய்கோட்டு 'ஏ'. இந்தக் குப்பையை நீங்கள் எல்லாருமே எங்காவது பார்த்திருப்பீர்கள். தமிழ் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அது கெடவில்லை. கணினிக்குள் எழுத்து என்று எதுவும் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. யுனிகோட் தமிழை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, இந்த இரண்டைத் தவிர வேறு வராது. மூன்றாவது பைட்டில்தான் அது எந்த எழுத்து என்ற விவரம் இருக்கிறது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக விண்டோசில் இருக்கும் 1252 என்ற பழைய அட்டவணையில் 224 என்றால் சாய்கோட்டு 'ஏ', 174 என்றால் வட்ட 'ஆர்'. ஆகவே அந்தக் குப்பை வரிசையைக் கண்டால் பயப்படாதீர்கள். உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது, படிப்பவன்தான் தவறான அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறான் என்று பொருள்.

அடுத்து முருகன் என்ற பெயரைச் சேர்த்தேன். இப்போது குப்பை கூட வரவில்லை. கருவியே நின்றுவிட்டது! ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த 1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. 129, 141, 143, 144, 157. நம் மெய்யெழுத்தின் புள்ளிக்கு மூன்றாவது பைட்டு 141. 'மு', 'ரு' ஆகியவற்றில் வரும் உகரக் குறிக்கு 129. 'ஏ' என்ற உயிரெழுத்துக்கு 143, 'ஐ'க்கு 144. அதாவது புள்ளியோ உகரமோ இல்லாத பெயர் குப்பையாகவாவது தெரியும், இருக்கும் பெயர் வந்தால் பைத்தான் கையை விரித்துவிடும். தமிழில் புள்ளி இல்லாமல் எத்தனை பெயர் வைக்க முடியும், சொல்லுங்கள்.

இதற்கு மருந்து ஒரே வரி. கோப்பைத் திறக்கும்போது "இது யுடிஎஃப்-8" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் கருவி தானாக ஒரு முறையை ஊகித்துக்கொள்ளும், அந்த ஊகத்தில் நாம் இருக்க மாட்டோம். ஜாவா மொழி 2022இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8ஐயே இயல்பாக வைத்துக்கொண்டது. நோட்பேடும் 2019இலிருந்து அப்படித்தான் சேமிக்கிறது. அதற்கு முன் நோட்பேடு யுடிஎஃப்-8 கோப்பின் தலையில் 239, 187, 191 என்று கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை ஒட்டி வைக்கும். அமைப்புக் கோப்பின் முதல் வரியை மட்டும் விளையாட்டு புரிந்துகொள்ளாமல் போனால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

சரி, இது என் கருவியின் கதை, என் தவறு, நானே திருத்திக்கொண்டேன். மற்றவர்கள் எழுதிய கருவிகளுக்கு வருவோம். உரிமை என்ற சொல் இங்கேதான் உள்ளே வருகிறது.

ஒரு மடிக்கணினியில் விண்டோஸ் கணக்கின் பெயரே தமிழில் இருந்தது. பையன் ஆசையாக வைத்தது. விளையாட்டு தன் சேமிப்பை அந்தக் கணக்கின் கோப்புறைக்குள் வைக்கும். சேமிப்பைத் திருத்தும் ஒரு பழைய துணைக்கருவியை இணையத்திலிருந்து இறக்கினான். திறந்தால் "கோப்பு இல்லை" என்கிறது. பாதை இருக்க வேண்டிய இடத்தில் அவன் பெயருக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள். கேள்விக்குறி விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. ஆகவே அந்தக் கருவி எந்தக் காலத்திலும் அந்தக் கோப்பைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

விண்டோசில் கோப்பைத் திறக்க இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று யுனிகோட் வாசல், எல்லா மொழிக்கும் திறக்கும். இன்னொன்று பழைய வாசல், கணினிக்கு அமைக்கப்பட்ட ஒரே ஓர் அட்டவணையின் வழியாக மட்டுமே திறக்கும். பழைய கருவிகள் பல அந்தப் பழைய வாசலையே தட்டுகின்றன. இப்போது கேளுங்கள். சீனருக்கு அந்தப் பழைய வாசலில் 936, 950 என்று இரண்டு அட்டவணைகள் உண்டு. தாய்லாந்துக்காரருக்கு 874. அரபுக்கு 1256. வியட்நாமுக்கு 1258. மலாய் மொழி ரோமன் எழுத்தில் இருப்பதால் அதற்குக் கவலையே இல்லை. தமிழுக்கு? ஒன்றும் இல்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் நுழைந்தபோதே யுனிகோட் வழியாக மட்டுமே நுழைந்தது. பழைய வாசலில் நமக்கு நாற்காலி போடப்படவே இல்லை.

ஆக, இந்த நாட்டில் ஒரே வகுப்பில் படிக்கும் மூன்று பிள்ளைகள் ஒரே கருவியை இறக்குகிறார்கள். மலாய்ப் பிள்ளைக்கு அது அப்படியே ஓடும். சீனப் பிள்ளை ஓர் அமைப்பை மாற்றிவிட்டு ஓட்டுவான். தமிழ்ப் பிள்ளைக்கு மாற்றவும் வழி இருக்கவில்லை. உதவி கேட்டால் கிடைக்கும் பதில் என்ன? "ஆங்கிலப் பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்." பெயரை மாற்றிக்கொள் என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார்கள். இந்தப் பதிலை நாம் கணினியில்தானா முதல் தடவையாகக் கேட்கிறோம்?

இதில் யாருடைய சதியும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்தக் கருவியை எழுதியவர் எங்கோ ஒரு நாட்டில் இரவில் கண்விழித்து இலவசமாக எழுதியவராக இருக்கலாம். அவருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் கதவு மூடிக் கிடப்பது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல என்பதால் அது திறந்ததாக ஆகிவிடாது. நிலைமை இப்போது மாறியிருக்கிறது. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்பிலிருந்து, ஒரு நிரல் தன் அறிவிப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் அந்தப் பழைய வாசலும் யுடிஎஃப்-8 பேசும். ஒரே வரி! ஆகவே இன்று எழுதப்படும் கருவி தமிழ்ப் பெயரைக் கண்டு விழுந்தால், "எங்களால் முடியாது" என்ற சாக்கு செல்லாது.

அடுத்தது வெட்டுப்படுதல். தமிழ்ச்செல்வி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஏழு எழுத்து. த, மி, ழ், ச், செ, ல், வி. யுனிகோட் கணக்கில் 13 குறிகள், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். யுடிஎஃப்-8இல் 39 பைட்டு. ஒரு விளையாட்டின் சேமிப்புக் கோப்பில் பெயருக்கு 32 பைட்டு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் கடைசி ஒன்று முடிவைக் காட்டும் சுழியம். மீதி 31. பத்துக் குறிகளுக்கு 30 போய்விடும், மிச்சம் ஒரு பைட்டில் அடுத்த குறியின் தலை மட்டும் வந்து நிற்கும். திரையில் "தமிழ்ச்செல" என்று வந்து, அதன் வாலில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி தொங்கும். ஒரு பெண் பிள்ளையின் பெயரை இப்படி நடுவில் அறுத்துத் தொங்கவிடலாமா? ஆங்கிலப் பெயருக்கு 31 எழுத்து, தமிழ்ப் பெயருக்குப் பத்துக் குறி. இடம் போதாது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வெட்டுவதாக இருந்தால் எழுத்து முடியும் இடத்தில் வெட்ட வேண்டும். எழுத்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க யுனிகோட் அமைப்பே விதி எழுதி வைத்திருக்கிறது. அந்த விதிப்படி எண்ணினால் 'தமிழ்' என்பது மூன்று எழுத்துதான், நம் பாட்டி எண்ணுவது போலவே.

இப்போது திரையில் வரையும் விசயம். எங்கள் பிள்ளைகளில் மூத்தவன் ஒருவன், விளையாட்டுக்கு மேலே மதிப்பெண்ணும் பெயரும் மிதக்கும்படி ஒரு சிறு பலகை எழுதினான். எழுத்துருவைப் படமாக்கி, ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்று வரைந்தான். ஆங்கிலத்துக்கு அற்புதமாக வந்தது. "செல்வி" என்று போட்டால் முதலில் ச, அதற்குப் பின்னால் கொம்பு! "கோ" என்று போட்டால் இரண்டு பக்கமும் நிற்க வேண்டிய குறி மொத்தமாக வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. பையன் என்னிடம் வந்து, "சார், யுனிகோட் தப்பா இருக்கு" என்றான்.

தப்பில்லை தம்பி. யுனிகோட் ஒலி வரிசையில் சேமிக்கிறது. முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையிலிருந்து அந்த வரிசை வந்தது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டியது வரைகின்ற இயந்திரத்தின் வேலை. அந்த இயந்திரத்திற்கு ஹார்ஃபஸ் என்று பெயர். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்ற நிரலாளர் வளர்த்தெடுத்தது, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வலமிருந்து இடமாக எழுதும் ஒரு மொழிக்காரர் பட்ட பாட்டில் நமக்கும் வழி பிறந்திருக்கிறது, பாருங்கள். கோடோ விளையாட்டு இயந்திரம் 2023இல் வந்த நான்காம் பதிப்பில் அதை உள்ளேயே சேர்த்துக்கொண்டது. அன்ரியலிலும் அது இருக்கிறது. எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை, நோட்டோ வரிசையின் தமிழ் எழுத்துருக்கள் இலவசம்.

சில தம்பிகள் குறுக்கு வழி கேட்பார்கள். விளையாட்டின் எழுத்துருக் கோப்பில் ஐரோப்பிய எழுத்துகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவிட்டால் என்ன? திரையில் தமிழ் தெரியும்தான். நாங்கள் 1990களில் செய்ததும் இதுதானே! "இந்தப் பக்கத்தைப் படிக்க இந்த எழுத்துரு வேண்டும்" என்று தலையில் எழுதிய பக்கங்கள் எத்தனை! முரசு அஞ்சலைக் கொடுத்த முத்து நெடுமாறன் இந்த மண்ணின் மைந்தர். கணியனைக் கொடுத்த நா. கோவிந்தசாமி பக்கத்துச் சிங்கப்பூர்க்காரர், 1999இல் மறைந்தார். அவர்கள் இல்லாவிட்டால் இணையத்தில் நாம் இல்லை. 1997இல் சிங்கப்பூரில் கூடிய முதல் மாநாட்டிலிருந்து 2001 கோலாலம்பூர் மாநாடு வரைக்கும் திஸ்கி, டாம், டாப் என்று குறியாக்கச் சண்டையிலேயே ஒரு காலம் போயிற்று. அந்தச் சண்டையை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், திரும்பவும் அந்தக் குழிக்குள் இறங்காதீர்கள். அப்படி ஒட்டுப் போட்ட விளையாட்டில் தேட முடியாது, ஒட்டாதவனுக்கு உங்கள் அரட்டை குப்பையாகத் தெரியும், அடுத்த பதிப்பு வந்ததும் உங்கள் உழைப்பு முழுவதும் போய்விடும். ஒரு பழைய விளையாட்டை ஆசைக்குத் தமிழாக்கம் செய்ய வேறு வழியே இல்லையென்றால் செய்யுங்கள், தடுக்க மாட்டேன். புதிதாக எழுதும் கருவியில் வேண்டாம்.

இன்னொரு சின்னச் சிக்கல். 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்று, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டு வேறு. பழைய ஆப்பிள் கணினிகளின் கோப்பு முறை பெயர்களை இரண்டாவது விதத்தில் பிரித்து வைக்கும். அங்கிருந்து வட்டில் நகலெடுத்து வந்தால் உங்கள் பட்டியலில் ஒரே கோபால் இரண்டு தடவை நிற்பான். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பைத்தானில் அதற்கும் ஒரே வரிதான்.

கடைசியாக, நான் வெட்கப்பட்ட கதை. இதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன் என்று கூடச் சொல்லலாம்.

என் கருவி எல்லாப் பெயர்களையும் ஏற்றுக்கொண்டது, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை ஒரு சிறுமி வந்து, "சார், என் ஆட்டம் காணோம்" என்றாள். பட்டியலில் அவள் பெயர் பாதிதான் இருந்தது. அவள் ஒழுங்கான பிள்ளை, பள்ளிப் பதிவேட்டில் எழுதுவது போல் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரோடு எழுதியிருந்தாள். இடையில் நம் அடையாள அட்டையில் வருகிறதே, ஏ/பி, அது. அந்தச் சாய்கோடு! கணினிக்குச் சாய்கோடு என்றால் ஒரு கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை. என் கருவி பணிவாக அவள் பெயரும் ஏ-யும் சேர்ந்த ஒரு கோப்புறையைத் திறந்து, அதற்குள் பி-யும் தகப்பனார் பெயரும் சேர்ந்த இன்னொன்றைத் திறந்து, ஆட்டத்தை அதற்குள் போட்டு வைத்திருந்தது. பட்டியல் வெளிக் கோப்புறையை மட்டும் பார்த்துவிட்டு, காலி என்றது. தமிழில் த/பெ என்று எழுதியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இத்தனைக்கும், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு விளையாட்டுப் போட்டியின் பதிவுப் படிவம் என் உறவினர் பையனின் பெயரிலிருந்த ஏ/எல்லை ஏற்க மறுத்து, "பெயரில் செல்லாத குறி உள்ளது" என்று சிவப்பில் காட்டியபோது, ஏற்பாட்டாளருக்குக் காரசாரமாக மின்னஞ்சல் எழுதியவன் நான். நம் பெயரே செல்லாததா என்று கேட்டேன். அதே தவறை என் கையாலேயே செய்திருந்தேன்.

அன்றிரவே மாற்றினேன். இப்போது பெயர் கோப்புறையின் பெயராக ஆவதே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண், கோப்புறைக்கு அந்த எண்தான் பெயர். பிள்ளையின் பெயர் ஒரு யுடிஎஃப்-8 பட்டியலில், அவர்கள் எழுதியபடியே, சாய்கோடும் புள்ளியும் கொம்புமாக அப்படியே இருக்கும். ஆரம்பத்திலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 152ஆவது விதி பிற மொழிகளைப் பயன்படுத்தவும் கற்கவும் கற்பிக்கவும் தடை கூடாது என்கிறது. அதை மேற்கோள் காட்டி விளையாட்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதலாமா என்று ஒரு தோழர் கேட்டார். அந்த விதி அவர்களைக் கட்டாது தோழரே, வீண் வேலை. பிழை அறிக்கை எழுதுங்கள். "தமிழ் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தப் பதிப்பு, எந்தப் பெயரைக் கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், திரையின் படம், எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். கேள்விக்குறி வந்தால் பழைய வாசல், சாய்கோட்டு 'ஏ' வந்தால் தவறான அட்டவணை, சதுரக் கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை, கொம்பு இடம் மாறினால் வரையும் இயந்திரம் இல்லை. இதைச் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டாலே பாதி வேலையை நீங்கள் செய்து கொடுத்தது போல.

என் கருவியை வாசல் மேசையில் இருக்கும் மடிக்கணினியில் போட்டு வைத்திருக்கிறேன். தேநீர் குடிக்கப் போகும் வழியில் ஒவ்வொருவரும் உங்கள் முழுப் பெயரைத் தமிழில் அதில் எழுதிவிட்டுப் போங்கள். ஸ்ரீ இருந்தால் ஸ்ரீயோடு, த/பெ போட்டே எழுதுங்கள். விழுந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் உணவு மேசைக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.